மாட்சன் வழக்கில் லிங்கன் செய்தது தவறா? அடிமையின் எஜமானுக்காக வாதாடிய வக்கீல்

தேடலன்

ஆபிரகாம் லிங்கன் என்றால் அடிமைகளை விடுவித்தவர் என்று பள்ளியில் படித்தோம். அதே மனிதர் 1847 அக்டோபரில், இலினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில், அடிமைகளின் எஜமான் பக்கம் நின்று வாதாடியிருக்கிறார். எனக்கு இது புதிய செய்தி. இங்கே பலருக்கும் புதிதாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ராபர்ட் மாட்சன், அடிமைமுறை சட்டப்படி நடந்த கென்டக்கி மாநிலத்துக்காரர். அடிமைமுறைக்குச் சட்டத் தடை இருந்த இலினாயில் நிலம் வாங்கி, விவசாய வேலைக்குக் கென்டக்கியிலிருந்து அடிமைகளை அழைத்து வருவார், பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணும் அவளுடைய பிள்ளைகளும் 1845 முதல் இரண்டு ஆண்டுகள் இலினாயிலேயே இருந்துவிட்டார்கள். ஜேனின் கணவர் ஆண்டனி சுதந்திர மனிதர், மாட்சனின் பண்ணையில் மேஸ்திரி. மாட்சன் வீட்டை நிர்வகித்த பெண்ணுக்கும் ஜேனுக்கும் சண்டை மூண்டது. பிள்ளைகளைத் தெற்கே விற்றுவிடுவேன் என்று அந்தப் பெண் மிரட்டினாள். குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய், ஹைரம் ரதர்ஃபோர்டு என்ற மருத்துவரிடமும் கிடியன் ஆஷ்மோர் என்ற விடுதிக்காரரிடமும் தஞ்சம் புகுந்தது. மாட்சன் சட்டத்தை ஏவி ஜேனையும் நான்கு பிள்ளைகளையும் சிறையில் அடைக்க வைத்தார். 48 நாள்! போதாததற்கு, அடைக்கலம் கொடுத்தவர்கள் மீது 2,500 டாலர் நஷ்டஈடு வழக்கு. தலைக்கு 500 டாலர் கணக்கு.

இந்த மாட்சனுக்குத்தான் அஷர் லிண்டர் என்ற வக்கீலோடு சேர்ந்து லிங்கன் ஆஜரானார். வழக்கில் தோற்றார், ஜேன் விடுதலையானாள். தோற்றதால் அவர் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

கறுப்பங்கி

தேடலன், நான் இருபத்து மூன்று ஆண்டுகளாக சிவில் வழக்குகள் நடத்துகிறவன். ஒரு வக்கீல் எந்தக் கட்சிக்காரருக்காக நின்றார் என்பதை வைத்து அவருடைய மனசாட்சியை எடைபோட்டால் எங்களில் ஒருவர்கூடத் தேற மாட்டார். அடுத்த மாதம் நான் யாருக்கு எதிராக வாதாடப் போகிறேனோ, அவர் போன வருடம் என் கட்சிக்காரர்.

1847இல் லிங்கன் யார் என்பதை முதலில் பாருங்கள். எல்லாம் சேர்த்து ஒரு வருடம்கூடப் பள்ளிக்குப் போகாதவர். நியூ சேலத்தில் கூட்டாளியோடு நடத்திய கடை மூழ்கி, அந்தக் கடனை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர். போஸ்ட் மாஸ்டர் வேலை, நில அளவை வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு, ஜான் ஸ்டூவர்ட் இரவல் கொடுத்த சட்டப் புத்தகங்களைத் தானாகவே படித்தவர். 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தபோது மெத்தை, போர்வை வாங்க 17 டாலர் இல்லாமல், ஜோஷுவா ஸ்பீடு என்ற கடைக்காரரின் மாடியில் அவருடைய கட்டிலில் பாதியைப் பங்கு போட்டுக்கொண்டார். ஸ்டூவர்ட்டோடு கூட்டாகத் தொழில் தொடங்கிய காலத்துக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஃபீஸ் பெரும்பாலும் ஐந்து டாலர், பத்து டாலர். ஒரு கட்சிக்காரர் பணத்துக்குப் பதில் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்து 15 டாலர் கழித்திருக்கிறார். 1839 நவம்பரில் ஸ்டூவர்ட் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டன் போனதும் இளைய கூட்டாளி அதே புத்தகத்தில் "லிங்கன் நிர்வாகத்தின் தொடக்கம்" என்று எழுதி வைத்தார். வேடிக்கைக்காக எழுதியதுதான். பின்னால் நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கடன் வழக்கு, வேலி வழக்கு, பன்றி வழக்கு, விவாகரத்து என்று வந்ததையெல்லாம் எடுத்தார். வாழ்நாள் முழுவதும் சேர்த்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு "யாருக்காக நின்றார் பார்த்தீர்களா" என்பது நியாயமில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 1838இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஓட்டல் ஒன்றில் ஹென்றி ட்ரூவெட் என்பவர் ஜேக்கப் எர்லி என்பவரைச் சுட்டுக் கொன்றார். ட்ரூவெட்டுக்காக ஆஜரானவர்களில் லிங்கனும் ஒருவர். ட்ரூவெட் விடுதலை. இறந்துபோன எர்லி யார் தெரியுமா? 1832 பிளாக் ஹாக் போரில் லிங்கன் சிப்பாயாக இருந்த படைப்பிரிவின் கேப்டன்! தன் கேப்டனைக் கொன்றவனுக்காக வாதாடினார் என்பதால் அவர் கொலையை ஆதரித்தார் என்று யாராவது சொல்கிறார்களா?

பொன்மலர்

வக்கீல் ஐயா, ட்ரூவெட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அவன் கழுத்தில் கயிறு தொங்கியது. தூக்கில் போகப்போகிறவனுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. மாட்சனின் கழுத்தில் எந்தக் கயிறும் இல்லை. அவன்தான் கயிற்றைக் கையில் வைத்திருந்தான். அவனுக்கு வக்கீல் கிடைக்காமல் போயிருந்தால் நடக்கக்கூடிய கேடு, ஐந்து பேர் சுதந்திரமாக நடந்துபோயிருப்பார்கள், அவ்வளவுதான்.

"வந்த வழக்கை மறுக்கக் கூடாது" என்பது இங்கிலாந்து பாரிஸ்டர்களின் மரபு. அமெரிக்க வக்கீல்களை அது கட்டவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காலமே அப்படி என்றும் யாரும் தொடங்க வேண்டாம். ஓஹையோவில் சால்மன் சேஸ் 1837லேயே மட்டில்டா என்ற பெண்ணுக்காக வாதாடித் தோற்றார். ஓடிவந்த ஒன்பது அடிமைகளைத் தன் வண்டியில் ஏற்றிய ஜான் வான் சாண்ட் என்ற விவசாயிக்காக, வில்லியம் சீவர்டோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கேயும் தோல்வி. அது எந்த ஆண்டு? 1847! லிங்கன் மாட்சனுக்காக நின்ற அதே ஆண்டு. "ஓடிவந்த அடிமைகளின் அட்டர்னி ஜெனரல்" என்று கென்டக்கிக்காரர்கள் சேஸுக்குப் பட்டம் கட்டினார்கள். அது தூரத்து ஊர் என்பீர்கள். சரி, இலினாய்க்கே வருவோம். 1845இல் ஜாரட் வழக்கில் லைமன் டிரம்புல், பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் அடிமைகளுடைய வாரிசுகளுக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அதே மாநிலம், அதே காலம், அதே தொழில்.

பின்னாளில் சீவர்டும் சேஸும் லிங்கனின் அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் 1847இல் எங்கே நின்றார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கறுப்பங்கி

சேஸையும் டிரம்புலையும் சொல்கிறவர் நான்ஸ் வழக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? பெய்லி எதிர் குரோம்வெல், 1841, இலினாய் உச்ச நீதிமன்றம். நான்ஸ் என்ற கறுப்பினப் பெண் விற்கப்பட்டது செல்லாது என்று வாதாடி வென்றவர் லிங்கன். கீழ் நீதிமன்றத்தில் தோற்றதை மேல்முறையீட்டில் புரட்டிப்போட்டார். அடிமைமுறையைத் தடைசெய்த 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டத்தையும் மாநில அரசியலமைப்பையும் காட்டி, இலினாயில் எந்த நிறத்தவராக இருந்தாலும் ஒருவர் சுதந்திர மனிதர் என்றுதான் சட்டம் முதலில் கருத வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். எதிர்ப்பக்கம் இருந்தவர் யார்? அவருக்குக் கூட்டாளியாகவும் இருந்த ஸ்டீபன் லோகன், அந்த ஊர் வக்கீல்களில் முதல் வரிசை.

மாட்சன் வழக்கில் அவர் தோற்றதற்கு, ஆறு வருடம் முன்பு அவரே வாங்கிய தீர்ப்பும் ஒரு காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

நெய்தல்வாசி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான்ஸ் வழக்கைப் பற்றி ஒரு திருத்தம்.

அந்த வழக்கில் நான்ஸ் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. அது ஒரு புரோநோட்டு வழக்கு. குரோம்வெல் நான்ஸைப் பெய்லிக்கு விற்றார். பெய்லி ரொக்கம் தராமல் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். நான்ஸ் அடிமைதான் என்பதற்கான பத்திரம் வந்தால்தான் பணம் என்பது பேச்சு. பத்திரம் வரவில்லை. குரோம்வெல் இறந்தபின் அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் நோட்டைக் காட்டிப் பணம் கேட்டு வழக்குப் போட்டார்கள். பெய்லிக்கு வக்கீல் லிங்கன். சுதந்திரமான ஆளை விற்க முடியாது, விற்பனையே செல்லாதபோது நோட்டு எப்படிச் செல்லும் என்பது வாதம். ஆக, லிங்கனின் கட்சிக்காரர் ஒரு பெண்ணை வாங்கியவர்! பணம் கட்டாமல் தப்ப நினைத்தவர். தீர்ப்பால் நான்ஸுக்கு நன்மை வந்தது உண்மை. ஆனால் லிங்கன் அவளுக்காக ஆஜரானார் என்று எழுதுவது பிழை.

அதனால் இங்கே இரண்டு அணியும் தவறான சான்றுகளை வைத்துச் சண்டை போடுவதாகத் தோன்றுகிறது. 1841இல் கடனாளியின் வக்கீல், 1847இல் நில உடைமையாளரின் வக்கீல். இரண்டிலும் அவர் தனக்குக் கிடைத்த கேஸ் கட்டைத்தான் படித்தார்.

கறுப்பங்கி

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். "நான்ஸுக்காக" என்று நான் எழுதவில்லை, ஆனால் அப்படித் தொனித்தது உண்மை. உங்கள் கடைசி வரிதான் என் வாதமும்.

தேடலன்

கேஸ் கட்டைத்தான் படித்தார் என்றால் ரதர்ஃபோர்டு சொன்னதை என்ன செய்வது? அந்த மருத்துவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன நினைவு பதிவாகியிருக்கிறது.

நஷ்டஈடு வழக்கு வந்ததும் ரதர்ஃபோர்டு நேராகச் சார்ல்ஸ்டனுக்குப் போகிறார், லிங்கனை வக்கீலாகப் பிடிக்க. இருவரும் முன்பே அறிமுகமானவர்கள், அரசியலிலும் ஒத்த கருத்து. விடுதி வாசலில் லிங்கன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். ரதர்ஃபோர்டு பொறுமையாக நின்று, கதை முடிந்ததும் தனியே அழைத்து விஷயத்தைச் சொல்கிறார். லிங்கனின் முகம் மாறிவிடுகிறது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, மாட்சன் தரப்பில் தன்னிடம் ஏற்கெனவே பேசிவிட்டார்கள், கட்டுப்பட்டிருக்கிறேன் என்கிறார். ரதர்ஃபோர்டுக்குக் கோபம். அடுத்த சில மணி நேரத்தில் லிங்கனிடமிருந்து ஆள் வருகிறது: அந்தப் பக்கத்திலிருந்து விடுவித்துக்கொள்ள முடியும் போலிருக்கிறது, உங்களுக்கே வருகிறேன். மருத்துவருக்கு ரோஷம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு சார்ல்ஸ் கான்ஸ்டபிள் என்ற வக்கீலை அமர்த்திக்கொண்டார்.

வக்கீல் ஐயா, முகம் ஏன் மாறியது? வெறும் கேஸ் கட்டு என்றால் முகம் மாறாதே. தவறு என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் போய் நின்றார்.

பழைய தபால்காரர்

தம்பி தேடலன், நாற்பது ஐம்பது வருடம் கழித்து ஒருவர் சொல்லும் கதையில் முகம் மாறியது, மௌனம் காத்தது எல்லாம் எப்படி அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கும்? அதுவும் அந்த ஆள் நடுவில் ஜனாதிபதியாகிச் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு? என் சொந்தக் கல்யாணத்தில் யார் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் நான் இப்போது ஏதாவது கற்பித்துத்தான் சொல்வேன்.

நான் இந்த விவாதத்தில் நுழைந்ததற்கு வேறு காரணம். லிங்கன் எங்கள் துறைக்காரர் என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன். 1833இல் நியூ சேலம் போஸ்ட் மாஸ்டர். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஊரை வலம் வருவாராம். வக்கீலான பிறகும் பழக்கம் விடவில்லை. 1850இல் ஒரு வக்கீலுக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கிறார்: உங்கள் கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கிவிட்டேன், பழையது மூலைக்குப் போய்விட்டது, கடிதமும் கண்ணில் படவில்லை. எங்கள் இன்ஸ்பெக்டராக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார். இப்படி அலுவலகம் நடத்தியவர் எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து கொள்கை வகுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொன்மலர்

தபால்காரர் ஐயா, தொப்பிக் கதை அழகாக இருக்கிறது. ஆனால் கடிதத்தை மறந்த மாதிரி மாட்சனை அவர் மறக்கவில்லையே. முகத்தை விட்டுவிடுவோம். நீதிமன்றத்தில் என்ன வாதம் வைத்தார் என்பதைப் பார்ப்போம்.

1843இல் வில்லார்டு வழக்கில் இலினாய் உச்ச நீதிமன்றம், ஒரு எஜமான் தன் அடிமையோடு மாநிலத்தைக் கடந்து போகும்போது அந்த அடிமை விடுதலையாகிவிடுவதில்லை என்று சொல்லிவிட்டது. கடந்துபோகும் உரிமை. மாட்சன் தரப்பு இதைத்தான் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் அடிமைகளை இறக்கியதும் மாட்சன் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு, "இவர்கள் தற்காலிகமாகத்தான் வந்திருக்கிறார்கள், கென்டக்கிக்குத் திரும்புவார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி வைப்பானாம். சட்டத்தை ஏமாற்ற முன்கூட்டியே போட்ட திட்டம். அந்தச் சடங்கை உண்மையான நோக்கத்துக்குச் சான்றாக ஏற்கும்படி லிங்கனின் தரப்பு நீதிமன்றத்தைக் கேட்டது. ஜேனோ இரண்டு வருடமாக அந்த மண்ணில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருடம் ஒரே இடத்தில் இருப்பதற்குப் பெயர் கடந்துபோவதா?

நெய்தல்வாசி

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீலின் சாட்சியம் இருக்கிறது. பிரையன்ட் குடும்பத்துக்காக ஆஜரானவர்களில் ஒருவர் ஆர்லாண்டோ ஃபிக்லின். லிங்கன் எதிராளியின் வாதங்களைக் கூட மிக நேர்மையாக எடுத்து வைத்தார் என்றும், நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு மாட்சன் கொண்டுவந்திருந்தால் அவர்கள் சுதந்திரர்களே என்று தானாகவே ஒப்புக்கொண்டார் என்றும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். வழக்கை அவரே ஒரே கேள்வியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை மாட்சனுக்குப் பாதகம்.

இதை வைத்துத்தான் சிலர், லிங்கன் வேண்டுமென்றே அரைமனதாக வாதாடித் தோற்றார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தேடலன்

அப்படியானால் ஒருவகையில் நல்லதுதானே? உள்மனசு வேலை செய்திருக்கிறது.

கறுப்பங்கி

ஐயோ, தேடலன்! அந்தப் பாராட்டு மட்டும் வேண்டாம். மாட்சனுக்காக முழுமூச்சாக வாதாடினார் என்றால் என்னால் அவரைத் தாங்கிப் பேச முடியும். ஃபீஸ் பேசி, வக்காலத்து ஏற்று, கூண்டுக்கு முன்னால் போய் நின்று, கட்சிக்காரரைக் கவிழ்த்துவிட்டார் என்றால் அவருக்காகப் பேச எனக்கு ஒரு சொல்கூட இல்லை. வேண்டாத வழக்கா, வாசலிலேயே மறுத்துவிடு. உள்ளே வந்தபின் காலை வாராதே. 1850 வாக்கில் சட்டத் தொழில் பற்றி அவரே எழுதி வைத்த குறிப்பில் இதைத்தான் சொல்கிறார்: நேர்மையான வக்கீலாக இருக்க முடியாது என்று தோன்றினால், வக்கீலாக இல்லாமல் நேர்மையாக இரு.

அவர் கவிழ்த்தார் என்று நான் நம்பவில்லை. பலவீனமான இடத்தைத் தானே ஒப்புக்கொண்டு, எதில் ஜெயிக்க வாய்ப்பு உண்டோ அந்த ஒரு புள்ளியில் மட்டும் நிற்பது அவருடைய வழக்கமான முறை. ஜூரிக்கு முன்னால் அது பலமுறை பலித்திருக்கிறது. அன்று ஜூரி இல்லை. வில்சன், ட்ரீட் என்று இரண்டு நீதிபதிகள், அதில் வில்சன் மாநிலத் தலைமை நீதிபதி. ஜேனை விடுவிக்கக் கோரிய ஆள்கொணர்வு மனுவில் அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விடை. அது கையில் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது.

பொன்மலர்

நீங்கள் சொன்னதையே நான் பிடித்துக்கொள்கிறேன்: "வேண்டாத வழக்கா, வாசலிலேயே மறுத்துவிடு." ஏன் மறுக்கவில்லை?

தேதிகளைப் பாருங்கள். 1837 மார்ச் 1ஆம் தேதி இலினாய் உச்ச நீதிமன்றப் பதிவேட்டில் அவர் வக்கீலாகப் பதிவாகிறார். மார்ச் 3ஆம் தேதி, அப்போது தலைநகராக இருந்த வான்டேலியாவில், சட்டமன்ற உறுப்பினராக டான் ஸ்டோன் என்பவரோடு சேர்ந்து ஒரு எதிர்ப்பறிக்கை கொடுக்கிறார். அடிமைமுறை அநீதியிலும் கெட்ட கொள்கையிலும் எழுந்தது என்று அதில் இருக்கிறது. மொத்தச் சபையில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த இருவர்தான். அதற்குத் துணிச்சல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. வக்கீலான மூன்றாம் நாள் எழுதிய சொல் அது. பத்து வருடம் கழித்து மாட்சன் வந்து நின்றபோது பசியா? பஞ்சமா? 1846 ஆகஸ்டிலேயே காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார். லோகனோடு கூட்டு முடிந்து, ஹெர்ன்டனைத் தனக்கு ஜூனியராகச் சேர்த்துக்கொண்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் சொந்த வீட்டில் இருந்தவர். மெத்தைக்கு 17 டாலர் இல்லாத பையன் இல்லை அவர்.

கறுப்பங்கி

அந்த அறிக்கையின் அடுத்த வரியையும் போடுங்கள். அடிமை ஒழிப்புக் கோட்பாடுகளைப் பரப்புவது தீமையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டத்தான் செய்யும் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. அவர் சேஸும் இல்லை, சேஸாக நடிக்கவும் இல்லை. அடிமைமுறை தவறு, ஆனால் சட்டம் இருக்கும்வரை சட்டம் என்பது அவர் நிலை. அந்த நிலையிலிருந்து பார்த்தால் மாட்சனுக்கும் நீதிமன்றத்தில் ஒரு வாதம் உண்டு. நமக்குக் கசக்கிறது, எனக்கும் கசக்கிறது. ஆனால் முரண் இல்லை.

ஏன் மறுக்கவில்லை என்பதற்கு என் ஊகம் இதுதான். லிண்டர் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், தொழிலில் வேண்டியவர். வெளியூரிலிருந்து வரும் வக்கீலுக்கு உள்ளூர் வக்கீல்கள் கைகாட்டினால்தான் வழக்கு. "கூட நில்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால் கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே தலையாட்டிவிடுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். ஒரு வழக்கில், கட்டைப் பிரித்துப் படித்தபின் இரண்டு நாள் மனைவியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. வழக்கை விடவும் இல்லை.

பொன்மலர்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன், ஐயா. ஆனால் என் கருத்து மாறவில்லை.

பழைய தபால்காரர்

ஃபீஸ் வந்ததா?

நெய்தல்வாசி

தீர்ப்புக்குப் பின் மாட்சன் கென்டக்கிக்குக் கம்பி நீட்டிவிட்டார், லிங்கனுக்கு ஒன்றும் தரவில்லை என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த 48 நாளும் ஐந்து பேருக்குச் சாப்பாடு போட்ட ஷெரீப்பும் செலவுக் கணக்கை மாட்சன் பேரில்தான் எழுதினார்.

கறுப்பங்கி

கட்சிக்காரர்கள் மட்டும் எந்த நூற்றாண்டிலும் மாறுவதில்லை.

தேடலன்

பிரையன்ட் குடும்பம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லையே. விடுதலையான பிறகு அவர்களை லைபீரியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். விடுவிக்கப்பட்ட கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடும் யோசனை லிங்கனுக்கும் நெடுங்காலம் உடன்பாடாக இருந்தது.

லிங்கன் எங்கே போனார் என்பதையும் தேடிப் பார்த்தேன். தீர்ப்பு அக்டோபர் 16 வாக்கில். அந்த மாதக் கடைசியிலேயே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனுக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் கென்டக்கியில் மாமனார் டாட் வீட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் தங்கல். அந்த வீட்டில் கதவைத் திறந்துவிட்டதும் சாப்பாடு பரிமாறியதும் அடிமைகள்.